ஆஃப் சீசன்

எங்கள் ஊரில் சீசன் என்றால்
எதன் சீசன் என்று யாரும் கேட்பதில்லை.
மே, ஜூன், ஜூலை.
பெங்களூரா லோடு பைபாஸ் வரைக்கும் நிற்கும்.
தெருநாய்க்கும் வாயோரம்
மாம்பால் பட்ட புண் இருக்கும்.

அதனால்,
'நாலு சனிக்கிழமை, கச்சேரி சீசன், அறுபது நாற்காலி'
என்றதும் பந்தல் கடைக்காரர்
காலண்டரைப் பார்த்தார். ஜனவரி.
'இப்ப என்ன காய்?'

புதுசு என்றேன். கிருஷ்ணகிரிப் பிள்ளைகள் எழுதியது,
நாலு பேர் உட்கார்ந்து வாசிப்பது.
பாட்டு? இல்லை. மைக்? இல்லை.
ரசீதில் விசேஷம் என்ற இடத்தில்
'இதர' என்று எழுதிக்கொண்டார்.

காவேரிப்பட்டணம் சாலை, மாங்கூழ் ஆலை.
இயந்திரங்களுக்குத் தார்ப்பாய் போர்த்தியிருந்தது.
எத்தனை முறை கழுவியும்
தரை விரிசலில் போன வருஷத்து இனிப்பு.
எறும்புக்குத் தெரியும்.

முதல் சனி, டோல்கேட்டில் ராத்திரி ஷிப்ட் பார்க்கும் ஜபீருடையது.
வயோலா ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்க
மற்ற மூவரும் சில்லறை எண்ணுவோம்.
பதினேழு பேர் வந்தார்கள்.
இரண்டாம் சனி ஒன்பது பேர்,
அதில் இருவர் கல்யாண மண்டபம் என்று நினைத்து வந்தவர்கள்;
மொய்க் கவரோடு கடைசி வரை இருந்தார்கள்.
மூன்றாம் சனியைப் பற்றி நான் பேசுவதாக இல்லை.

நான் இரண்டாம் வயலின்.
பகலில் கிரானைட் ஏற்றுமதி ஆபீசில் கணக்கு.

நான்காவது முனிலட்சுமியுடையது.
இதே ஆலை லேபில் கூழின் இனிப்பை அளக்கிறவள்.
குளிர் அறைக் கம்ப்ரெசர் இரவும் பகலும்
ஒரே சுருதியில் ஓடுவதை
மூன்று வருஷம் காதில் வைத்திருந்தாள்.
இரண்டு கட்டைக்கும் இரண்டரைக்கும் நடுவே,
ஒரு மயிரிழை கீழே.
எங்கள் தந்திகளை அதற்கு இறக்கச் சொன்னாள்.
'அது மாறாது. நீங்கதான் மாறணும்.'

ஆறு நாள் ஒத்திகை.
ஆறாம் நாள் கைக்குப் புரிந்தது,
இது ஐந்து பேருக்கு எழுதியது.

அன்று நாற்பத்தொரு பேர்.
முன்வரிசையில் ஆலை முதலாளி வெங்கடகிரியப்பா, குடும்பத்தோடு.
வில்லை எடுத்தோம். முதல் வயலின் மூச்சிழுத்தாள்.
அவர், எங்களுக்கு மரியாதை செய்வதாக,
திரும்பி வாட்ச்மேனைப் பார்த்து
விரலைச் சுழற்றினார்.

குளிர் அறை அடங்கியது.

பல்லி கத்துவது கேட்டது.
பைபாஸில் ஒரு லாரி பிரேக் பிடித்துச் சீறுவதும்.
'எவ்வளவு அமைதியா இருக்கு' என்றார் ஒருவர், மெச்சுதலாக.
செல்லோக்காரன் என்னைப் பார்த்தான்.

வாசித்தோம். வேறென்ன செய்ய.
சுவர் இருக்கிறதென்று சாய்ந்தவர்கள் மாதிரி வாசித்தோம்.
ஒரு தப்பும் இல்லை, எதுவும் சரியாகவும் இல்லை.
பிறகு அந்த இடம் வந்தது,
எங்கள் நால்வருக்கும் பதினோரு பார் ஓய்வு.
கம்ப்ரெசரின் தனி.

வில்லை இறக்கி, ஒன்றுமில்லாததைக்
கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.
வெங்கடகிரியப்பா முடிந்ததென்று
கைதட்டத் தொடங்கி, யாரும் சேராமல்,
உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டார். குளிருக்குத் தேய்ப்பவர் போல.

முனிலட்சுமி பின்வரிசையில் எழுந்தாள்.
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள்.
சுவரோரமாகவே போய்
பேனலைத் திறந்தாள்.

க்ளக்.
தகரம் நடுங்கியது. ஓர் உறுமல்,
வயிற்றிலிருந்து கிளம்பி மெல்ல ஏறி ஏறி
இரண்டுக்கும் இரண்டரைக்கும் நடுவே
வந்து நின்றது.
அந்த ஏற்றத்தை அவள் எழுதியிருக்கவில்லை.
நாங்களும் கேட்டதில்லை, எப்போதும் ஓடிக்கொண்டேதானே இருந்தது.
'கரண்ட் வந்துடுச்சு' என்றது ஒரு குழந்தை.
எங்கள் தோள்கள் இறங்கின.
மீதியை வாசித்தோம்.

பிறகு டீ. வெங்கடகிரியப்பா அவளைத் தனியே அழைத்து,
'ஒம்போது நிமிஷம் ஆஃப்ல இருந்துச்சே, கூழுக்கு ஒண்ணும் ஆகாதே?'
'பாத்துட்டேன் சார். அரை டிகிரிதான்.'

நாற்காலிகளை நான்தான் எண்ணிக் கொடுத்தேன்.
ஸ்டாண்டுகளை மடக்கும்போது பார்த்தேன்,
அவள் மூலப்பிரதியில், பதினோரு பார் ஓய்வுக்கு மேலே
புதிதாகப் பென்சிலில்:
இங்கே எழுந்து போய் ஆன் செய்யவும்.
அடைப்புக்குறிக்குள், செருப்பில்லாமல்.